‘பழைய ஆயிலில் கை வைக்காதீங்க’ என்ற பொல்லாத புத்திமதி

பன்னிரண்டு வயதான ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை ஒருவர் கைமாற்றில் வாங்குகிறார். ஓடியது 1,20,000 கிலோமீட்டர். கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் எதுவும் இல்லை. பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், “அண்ணே, கியர் ஆயில் மாத்திடலாமா?” என்று கேட்கிறார். மெக்கானிக் பானெட்டைக்கூடத் தூக்காமல் மறுக்கிறார். “வேணாம் சார். இத்தனை வருசம் மாத்தாம ஓடிடுச்சுல்ல, அப்படியே விட்டுருங்க. இப்பப் போய் புது ஆயில் ஊத்துனா கியர்பாக்ஸ் உக்காந்துரும்.”

சென்னை புதுப்பேட்டையில் கேட்டாலும் கோவையில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஆட்டோமேட்டிக் கார்கள் பிறந்த அமெரிக்காவிலும் பட்டறைக்குப் பட்டறை இந்தப் பேச்சு தலைமுறைகளாகப் புழங்குகிறது. எங்கும் எல்லோரும் சொல்வதால் அது அனுபவத்தின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது. கேட்டவரும் பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட கார்களில் பலவற்றுக்கு, நான்கு லிட்டர் ஆயிலில் நீண்டிருக்கக்கூடிய ஆயுள் பாதியிலேயே முடிந்துபோகிறது.

எல்லாப் பழைய கியர்பாக்ஸுக்கும் புது ஆயில் மருந்தாகிவிடும் என்று இங்கே யாரும் வாதிடவில்லை. ஆயிலை மாற்றியும் பயனில்லாத கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தில் கார் இருக்கிறதா என்பதைப் பார்க்காமலே, முகராமலே, ஓட்டிப் பார்க்காமலே, வயதை மட்டும் வைத்து ‘தொடாதே’ என்று தீர்ப்புச் சொல்வதுதான் தவறு.

முதலில் அந்த ஆயில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ‘கியர் ஆயில்’ என்ற பெயரே ஆளைத் திசைதிருப்புகிறது. சாதாரண கியர்பாக்ஸில் ஆயிலின் வேலை பல்சக்கரங்கள் தேயாமல் வழுக்கிக்கொடுப்பது, அவ்வளவே. ஆட்டோமேட்டிக்கில் ஏடிஎஃப் எனப்படும் அந்தச் சிவப்புத் திரவம்தான் வண்டியையே நகர்த்துகிறது. என்ஜினின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டருக்குள் சக்கரங்களை நோக்கிக் கடத்துவது அது. கியர் மாறும்போது கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தமும் அதுவே. உள்ளே உருவாகும் சூட்டைக் கூலருக்கு எடுத்துச் செல்வதும் அதன் பொறுப்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக, கிளட்ச் எவ்வளவு மென்மையாகப் பிடிக்க வேண்டும், எந்த நொடியில் வழுக்குவதை நிறுத்த வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உராய்வு வேதிப்பொருளும் அதில்தான் கரைந்திருக்கிறது.

அந்த வேதிப்பொருள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை சாட்சி. 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஹைட்ராமேட்டிக்’ கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தியது. ஏராளமாக உற்பத்தியாகி விற்ற முதல் ஆட்டோமேட்டிக் அது. அதற்குப் பின் வந்த அமெரிக்க ஏடிஎஃப்களில் உராய்வைப் பக்குவப்படுத்தத் திமிங்கல எண்ணெய் சேர்த்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் திமிங்கலங்களைக் காக்க அமெரிக்கா சட்டம் போட்டதும் அந்தச் சரக்கு நின்றுபோனது. அதன் இடத்தை நிரப்பப் புதிய வேதிக்கலவையைத் தேட வேண்டியிருந்தது. ‘டெக்ஸ்ரான்-2’ அப்படி வந்ததுதான். அந்தக் கலவையில் சேர்த்த ஒரு பொருள் கூலரின் ஈயப்பற்றை அரிக்கத் தொடங்கவே, அதையும் மீண்டும் திருத்தினார்கள். ஒரு சேர்மானம் மாறினாலே இத்தனை பாடு. அந்தச் சேர்மானமே பத்தாண்டு வெந்து செயலிழந்த பிறகும் ஆயில் அப்படியே இருந்தால் நல்லது என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

வெந்து என்பது மிகைச்சொல் இல்லை. நல்லபடி ஓடும் கியர்பாக்ஸில் ஆயில் 80, 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். கிண்டி பாலத்தடியில் மே மாத மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போட்டு, பத்தடி நகர்ந்து பிரேக், பத்தடி நகர்ந்து பிரேக் என்று ஊரும்போது டார்க் கன்வெர்ட்டர் முழுநேரமும் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வழுக்கல் முழுவதும் சூடாகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் குடும்பத்தோடும் சாமான்களோடும் ஏறும்போதும் அப்படித்தான். வெப்பம் ஒவ்வொரு பத்து டிகிரி உயரும்போதும் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் நெடுநாளாகப் புழங்கும் கைக்கணக்கு. அந்தக் கணக்கில் 90 டிகிரியில் எட்டு ஆண்டு தாங்கும் ஆயில், எப்போதும் 110 டிகிரியில் வெந்தால் இரண்டு ஆண்டுதான் தாங்கும்.

காரோடு வரும் கையேட்டைப் புரட்டினால் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு தனிப் பகுதி இருக்கும். அடிக்கடி நின்று நகரும் நெரிசல், அதிக வெயில், தூசி, மலைப்பாதை, பாரம் இழுத்தல் ஆகியவற்றை அதில் எழுதியிருப்பார்கள். அப்படி ஓட்டினால் ஆயிலைச் சீக்கிரம் மாற்று என்று பல நிறுவனங்கள் அங்கேயே சொல்லிவிடுகின்றன. நம்மூர்க் கார்களில் பாரம் இழுப்பதைத் தவிர மற்ற நான்கும் அன்றாட வாழ்க்கை.

‘தொடாதே’ என்ற பேச்சுக்குக் கார் நிறுவனங்களே ஒரு பக்கம் உரம் போட்டன. 1990-களிலிருந்து ‘ஆயுள் முழுக்கப் போதும்’ என்ற பேரில் ஆயில் நிரப்பி, பல கார்களில் ஆயில் குச்சியையும் எடுத்துவிட்டு, கியர்பாக்ஸை மூடி அனுப்பினார்கள். யாருடைய ஆயுள், எத்தனை ஆண்டு என்று சொல்லவில்லை. பராமரிப்புச் செலவு குறைவு என்று முதல் உரிமையாளருக்குக் காட்ட அது உதவியது. மூன்றாவது உரிமையாளரைப் பற்றி அந்தக் கணக்கில் கவலை இல்லை. இதற்கு வலுவான மறுப்பு அந்த கியர்பாக்ஸ்களைச் செய்தவர்களிடமிருந்தே வருகிறது. பிஎம்டபிள்யூ தன் கார்களில் ‘ஆயுள்கால ஆயில்’ என்று ஒட்டி அனுப்பியது. அந்த கியர்பாக்ஸைச் செய்து கொடுத்த ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதற்கான ஆயில், ஃபில்டரோடு சேர்ந்த பிளாஸ்டிக் பான், போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கவும் செய்கிறது. மெர்சிடிஸ் தன் ஐந்து கியர் 722.6 பெட்டியை முதலில் ஆயுள்கால ஆயிலோடுதான் விற்றது. பிற்பாடு 60,000 கிலோமீட்டரில் ஒருமுறை மாற்றும்படி தன் சொல்லைத் தானே மாற்றிக்கொண்டது. செய்தவனே மாற்று என்று சொல்லும் ஒன்றை, பார்க்காமலே மாற்றாதே என்று சொல்வதற்கு மிக வலுவான காரணம் வேண்டும்.

“என் கண்ணால பார்த்தேன் சார், மாத்தி ஒரே வாரத்துல போயிடுச்சு” என்பதுதான் பெரும்பாலோர் காட்டும் காரணம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கார் ஆயில் மாற்ற வந்தது ஏன்? நல்லபடி ஓடும்போது ஆட்டோமேட்டிக் ஆயிலைப் பற்றி இங்கே யாரும் நினைப்பதில்லை. சிக்னலில் ‘டி’யில் போட்டதும் இரண்டு நொடி யோசித்து வண்டி நகர்கிறது, மூன்றாம் கியரில் என்ஜின் மட்டும் இரைகிறது, வேகம் ஏறவில்லை என்ற நிலை வந்த பிறகுதான் “ஆயில் மாத்திப் பார்ப்போமே” என்று வருகிறார்கள். அதற்குள் பிளேட்டின் மேலுள்ள உராய்வுப் பூச்சு தேய்ந்து இரும்பு தெரியத் தொடங்கியிருக்கும். அந்தக் கார் புது ஆயிலோடும் போகும், பழைய ஆயிலோடும் போகும். கியர்பாக்ஸ் போன அதே வாரத்தில் ஆயில் மாற்றியிருந்தது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இன்னொரு பக்கம், 60,000-த்தில் ஒழுங்காக மாற்றி இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும் கார்களைப் பழுது பார்க்கிறவர் பார்ப்பதே இல்லை. அவை பழுதாகிப் பட்டறைக்கு வருவதில்லை, எனவே அவருடைய நினைவில் அவற்றுக்கு இடமும் இல்லை.

மாற்றியதாலேயே கெட்ட கார்களும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. அவற்றில் கெடுத்தது ஆயில் மாற்றம் என்ற செயலா, மாற்றிய விதமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். “சிவப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று கையில் கிடைத்த டப்பாவை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். டொயோட்டாவின் டி-4 ஆயிலும் டபிள்யூஎஸ் ஆயிலும் ஒன்றில்லை. நிசானின் சிவிடி எனும் பெல்ட் வகை ஆட்டோமேட்டிக்குக்கு வேண்டியது என்எஸ்-3 போன்ற தனி ஆயில். அதில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் இரும்புப் பெல்ட் வழுக்கித் தேய்ந்து பெட்டியே வீணாகும். அடுத்தது அளவு. இந்தத் திரவம் சூட்டில் நன்றாக விரியும் என்பதால், குச்சி இல்லாத கியர்பாக்ஸில் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் அளவு பார்க்க வேண்டும். இசட்எஃப்-இன் ஆறு கியர் பெட்டிக்கு அது 30 முதல் 50 டிகிரிக்குள். சூடாக இருக்கும்போது பார்த்து நிரப்பினால் குறைவாகப் போகும், பம்ப் காற்றை உறிஞ்சும். கூடுதலாகப் போனால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது. மூன்றாவது, பம்ப் மெஷினை மாட்டி, கரைப்பான் கலந்து, அழுத்தத்தோடு பழையதை ஒரேயடியாகத் தள்ளும் ஃப்ளஷ். பத்தாண்டு படிந்த கசடை அது ஒரே நாளில் கிளப்பிவிடும். வால்வு பாடியில் வால்வுக்கும் அதன் துளைக்கும் இடையே இருக்கும் இடைவெளி தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. கிளம்பிய கசடு போய்ச் சிக்குவது அங்கேதான்.

இந்த மூன்று தவறுகளின் பழியைத்தான் ‘புது ஆயில்’ சுமக்கிறது.

எதிர்த்தரப்பில் இருக்கும் ஆகச் சிறந்த வாதத்தையும் எதிர்கொள்ள வேண்டும். பிளேட்டிலிருந்து உதிர்ந்த துகள் பழைய ஆயிலில் மிதக்கிறது, அந்தச் சொரசொரப்புதான் தேய்ந்த கிளட்சுக்குப் பிடி கொடுக்கிறது, அதை வடித்தால் பிடி போய்விடும் என்பது அந்த வாதம். இதில் துகள் பற்றிய பாதி தவறு. மிதக்கும் துகள் பிளேட்டை அரைக்கும், சோலனாய்டை அடைக்கும். நம்பத்தகுந்த பிடி எதையும் தராது. உராய்வு பற்றிய பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஏடிஎஃப்-இல் உள்ள உராய்வு வேதிப்பொருள் தீர்ந்துபோனால் பிடி முரட்டுத்தனமாகும். ஏற்கெனவே தேய்ந்த பிளேட் அந்த முரட்டுப் பிடியில் காலம் தள்ளிக்கொண்டிருக்கலாம். புது ஆயில் மென்மையைத் திரும்பக் கொண்டுவரும்போது, மறைந்திருந்த வழுக்கல் வெளியே தெரியலாம். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் அது எந்தக் காரில் நடக்கும்? பிளேட் தேய்ந்து முடிந்த காரில். அந்தக் காருக்கு மிச்சம் இருந்தது சில மாதங்கள். அந்தச் சில மாதங்களைக் காப்பாற்றுவதற்காக, பிளேட் நன்றாக இருக்கும் மற்ற எல்லாக் கார்களுக்கும் ஆயில் மாற்றத்தை மறுப்பது என்ன நீதி?

உராய்வு வேதிப்பொருள் கெட்டால் என்ன ஆகும் என்பதை ஓட்டுநர்கள் உடம்பாலேயே அறிவார்கள். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திப் போகும்போது, சாலையில் வரிவரியாகப் போட்ட வேகத்தடைப் பட்டைகள் மேல் ஏறியதுபோல் ஒரு நொடி வண்டி படபடக்கும். கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் அதிரும். சாலையோ வழவழவென்று இருக்கும். டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுத் துடிப்பதுதான் அது. ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு கியர் பெட்டிகளில் 2015 முதல் 2019 வரையிலான மாடல்களில் இந்தப் படபடப்பு பெரும் புகாரானது. முதலில் நிரப்பிய ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதை நிறுவனமே கண்டறிந்தது. அது பட்டறைகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொன்ன வைத்தியம், பழைய ஆயிலை முழுவதுமாக வெளியேற்றி மொபில்-1 வகையில் திருத்திய ஆயிலை நிரப்புவது. எல்லாக் கார்களும் அதில் குணமாகிவிடவில்லை, வழக்குகளும் நடந்தன. ஆனாலும் கெட்ட ஆயிலே நோய், மாற்றுவதே முதல் சிகிச்சை என்று ஒரு பெரும் நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்ட சம்பவம் இது.

அப்படியானால் ஒரு பழைய காரின் முன் நின்று முடிவெடுப்பது எப்படி? பார்ப்பதில்தான் தொடங்க வேண்டும். குச்சி இருக்கும் காராக இருந்தால் கையேட்டில் சொன்னபடி சூடாக்கி, குச்சியை உருவி, வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு மெல்ல விரியும். நடுவில் செம்பழுப்பாகவும் ஓரத்தில் இளஞ்சிவப்பாகவும் பரவினால், ஆயில் களைத்திருக்கிறது, சாகவில்லை. மாற்றுவதற்கு அதுதான் நல்ல தருணம். சொட்டு விரியாமல் நடுவிலேயே கறுப்பாகத் தங்கி, மூக்கருகே கொண்டுபோனால் அடிப்பிடித்த பாத்திரத்தின் நெடி வந்தால், பிளேட் தீய்ந்திருக்கிறது. நிறத்தைவிட மணம் பெரிய சாட்சி. சில நல்ல ஆயில்கள் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே கருத்துவிடும். ரோஸ்மில்க் போல இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டவே வேண்டாம். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. பிளேட்டில் பூச்சை ஒட்டியிருக்கும் பசையை அது கரைத்துவிடும். நிசானின் சில எஸ்யூவிகளுக்கு அமெரிக்காவில் ரேடியேட்டர் வாரன்ட்டியை நீட்டிக்கவேண்டி வந்தது இதனால்தான்.

குச்சி இல்லாத காரில் கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் பானைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. பானின் அடியில் சிறு காந்தங்கள் இருக்கும். அவற்றின் மேல் மையைக் குழைத்துப் பூசியதுபோல் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலை வேண்டாம். ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைத்த இரும்பு விட்டுச்சென்ற தேய்மானம் அது. விரலில் தேய்த்தால் மாவுபோல் வழுக்கும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் சில்லுகள், பித்தளை நிறப் பொடி, கறுப்புச் செதில்கள் இருந்தால் கதை வேறு. அந்தப் பெட்டிக்கு ஆயில் காசு வீண். பிரித்து வேலை பார்ப்பதா, வேறு பெட்டி போடுவதா, காரை விற்றுவிடுவதா என்றுதான் யோசிக்க வேண்டும். அப்போதுகூட ‘மாற்றாமல் விட்டால் காப்பாற்றலாம்’ என்பது உண்மையாகிவிடாது. வழுக்கும் பிளேட் உண்டாக்கும் சூடு மிச்சமிருக்கும் பாகங்களையும் தின்றுகொண்டேதான் இருக்கும்.

மற்றபடி கியர் ஒழுங்காக மாறுகிறது, தீய்ந்த நெடி இல்லை, காந்தத்தில் பசை மட்டுமே என்றால், வயது பன்னிரண்டானாலும் பதினைந்தானாலும் மாற்றுவதே சரி. ஆனால் தவணை தவணையாக. மொத்தம் எட்டு லிட்டர் பிடிக்கும் பெட்டியில் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் மூன்று, மூன்றரை லிட்டர்தான் வடியும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஐந்தில் இரண்டு பங்கு வடிகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் முறைக்குப் பிறகு பழையது 60 சதவீதம் இருக்கும், இரண்டாம் முறைக்குப் பிறகு 36, மூன்றாம் முறைக்குப் பிறகு 22. ஹோண்டா தன் பழைய இசட்-1 ஆயிலைக் கைவிட்டு டிடபிள்யூ-1க்கு மாறியபோது, முழுமையாக மாற்ற விரும்புகிறவர்களுக்குச் சொன்னதும் இதே மூன்று முறை வடித்து நிரப்பும் வழியைத்தான். ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓரிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், கசடு இருந்தாலும் மெல்லக் கரைந்து ஃபில்டரில் தங்கும். ஒவ்வொரு முறையும் நிறத்தையும் கியர் மாறும் விதத்தையும் பார்த்து அடுத்ததை முடிவு செய்யலாம். எதிர்த்தரப்பு பயப்படும் ‘திடீர் மாற்றம்’ இந்த முறையில் நிகழவே இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. மாருதி செலேரியோ 2014-இல் கொண்டுவந்த ஏஎம்டி வகைக் கார்களையும் ஊரில் ஆட்டோமேட்டிக் என்றே அழைக்கிறார்கள். அதற்குள் இருப்பது சாதாரண கியர்பாக்ஸ். கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள். அதில் ஏடிஎஃப் பற்றிய இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது.

மெக்கானிக்குகள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. “கை வச்ச பிறகு போனா நம்ம தலையிலதான் விழும்” என்பது அவர்கள் வாழ்க்கையில் நடந்த உண்மை. சரியாக வேலை செய்தவர்மேலும் பழி விழுந்திருக்கிறது, கடை வாசலில் சண்டை நடந்திருக்கிறது. ‘தொடாதீங்க’ என்பது பட்டறையைக் காக்கும் வார்த்தையாக அப்படித்தான் உருவானது. கியர்பாக்ஸைக் காக்கும் வார்த்தையாக அதை எடுத்துக்கொண்டது வாடிக்கையாளர்களின் ஏமாளித்தனம். இதைத் தீர்க்க உரிமையாளர் முன்வர வேண்டும். வண்டியைக் கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக்காட்டி, ஜெர்க் எங்கே வருகிறது, வழுக்கல் இருக்கிறதா என்பதை இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளலாம். ஸ்கேனர் இருந்தால் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் பிழைகளையும் எழுதிவைக்கலாம். “இப்போ இருக்கிற நிலைமை இது, இதுக்கு மேல எது நடந்தாலும் உங்களைக் கேட்க மாட்டேன்” என்று உரிமையாளர் சொல்லிவிட்டால், பானெட்டைத் தூக்கவே மறுத்தவர்கூடப் பானைக் கழற்றிக் காட்டத் தயாராகிவிடுவார்.

பில்லில் மூன்று விவரங்கள் இருக்கட்டும்: ஊற்றிய ஆயிலின் முழுப்பெயர், எத்தனை லிட்டர் வடிந்து எத்தனை லிட்டர் ஊற்றப்பட்டது, அன்றைய கிலோமீட்டர். வடிந்ததைக் குடிநீர் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு இரண்டாவது முறை வடிக்கும்போது, அந்த பாட்டிலையும் புதிதாக வடிவதையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். முதலாவதில் வெளிச்சம் ஊடுருவாது. இரண்டாவதில் காபி டிகாக்‌ஷனில் தண்ணீர் சேர்த்ததுபோல் விளிம்பில் சிவப்பு எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்த பிறகு, மூன்றாவது தவணைக்கு எப்போது வருவது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.